இணைப்பில்லாத பிரேக்

அந்த நகரத்தில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பிரேக் மாஸ்டர். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்குப் பயந்து நடைபாதையை விட்டு இறங்காதவர்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகையில் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. மற்றபடி மாணவர்களுக்கு, டீக்கடைக்காரருக்கு, சொந்த மாமியாருக்கு, எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்தான். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதன் மேல் வைத்த காலை அவர் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. மாணவர் ஆக்சிலேட்டரைத் தொட நினைத்தாலே போதும், மாஸ்டரின் கால் அமுங்கிவிடும். "சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டவர்கள் உண்டு. "வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பிடிச்சிருக்கேன்" என்பார் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பாராட்டு என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. பாராட்டினால் மாணவனின் கால் கனத்துவிடும் என்பது அவர் கொள்கை. ஒருவர் பரீட்சையில் தேறி, உரிமம் வாங்கி, இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றால்கூட "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார். அந்த "பரவாயில்ல"வைக் கேட்பதற்காகவே உரிமம் வாங்கிய பிறகும் பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவர் கால் இப்படி இறுகிப்போனதற்கு ஒரு கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினார். போகிற வழியில் லேசாகக் கண் சொக்கியது. அந்த ஒரு கணத்தில் மாணவர் காரை நேரே ஒரு தையற்கடைக்குள் விட்டுவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாஸ்டர் கண்ணைத் திறந்தபோது, பாதி தைத்த கோட்டு மாட்டிய பொம்மை ஒன்று பானெட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொம்மைக்குத் தலையே கிடையாது என்று தையற்காரர் பிறகு சத்தியம் செய்தார். முறைத்தது முறைத்ததுதான் என்று மாஸ்டர் இன்றுவரை சாதிக்கிறார்.

அன்றோடு சரி, ஓடுகிற வண்டி எதிலும் அவர் கண் மூடியதில்லை. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டே வருவார். ரயிலிலும் மிதிப்பார். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பயணத்திலும் தோளில் சாய்ந்து தூங்கியது மனைவிதான். அதுவும் நிம்மதியான தூக்கம் இல்லை. அவர் காலை அமுக்கும்போதெல்லாம் தோளும் சேர்ந்து குலுங்கும், பாவம்.

இந்த அம்மாள் பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறாள். நாற்காலியில் சாய்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுப்பவர்களை வழிக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அதட்ட மாட்டாள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா இத அமுக்கிக்குங்க" என்பாள். அமுக்குகிறவர்கள் தம்மை அறியாமல் வாயைத் திறந்துவிடுவார்கள். எந்த நோயாளியிடமும் தோற்காதவள் வீட்டுக்காரரிடம் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் கார் ஓட்ட ஆசை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் விட்டாள். மாஸ்டர் பெரிய மனது பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக் காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு வகுப்பில் கார் வீட்டு கேட்டைக்கூடத் தாண்டவில்லை. அவள் நகர்த்துவதும் இவர் அமுக்குவதுமாக, ஒரு மணி நேரம் இருவரும் பெருமாள் கோயில் மணியைப் போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவள் எதையாவது மெதுவாகச் செய்தால் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் அவள் என்ன செய்தாள் என்பது மாஸ்டருக்குத் தெரியாது. மகள் அந்தச் சுற்றுலாப் பேச்சை எடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் வேறொரு ஊரில் வேலையில் இருந்தாள். பெற்றவர்களின் கல்யாண நாளுக்காகக் கடல் தாண்டி ஒரு தீவில் தங்கும் விடுதி, வாடகைக் கார், கடலில் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போன் போட்டாள்.

"அப்பா, டிரைவர் கிடையாது. காரை நம்ம கையில குடுத்துடுவாங்க. நீங்களே ஓட்டிட்டுத் தீவை ஒரு ரவுண்டு வரலாம். மலை ரோடு முடியற இடத்துல ஒரு முனை இருக்கு. அங்க நின்னா ரெண்டு பக்கமும் கடல். அம்மாவ அங்க கட்டாயம் கூட்டிட்டுப் போங்க."

மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவருடைய சங்கடம் வெளியே சொல்லக் கூடியதில்லை. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. காலையில் காரை எடுப்பவர் ஒரு மாணவர், மாலையில் கொண்டுவந்து விடுபவர் இன்னொரு மாணவர். அவருக்கென்று ஒரு பக்கம், அதில் ஒரு பிரேக். அவ்வளவுதான் அவர் கார்.

"என்னப்பா, போலாம்தானே?" என்றாள் மகள்.

"அதெல்லாம் எதுக்கும்மா, டிரைவரோட ஒரு வண்டி பாத்தா..."

"நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

சொல்லிவிட்டு உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் கற்றிருக்கிறாள். மாஸ்டரின் பரம எதிரி நடத்துகிற பள்ளி! அங்கே ஆசிரியர் வகுப்பு முழுக்கப் போனில் சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், அவள் யாருடைய தொந்தரவும் இல்லாமல் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.

மாஸ்டருக்குத் தப்பித்தோம் என்கிற நிம்மதி ஒரு பக்கம், எதிர்த்தெருவா என்கிற எரிச்சல் ஒரு பக்கம். எதைக் காட்டுவது என்று தெரியாமல் உரிமத்தில் இருந்த புகைப்படம் சரியில்லை என்றார்.

"இங்க பாருங்க" என்றாள் மனைவி. "அந்த முனை வரைக்கும் நான் ஓட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வழியில நீங்க ஸ்டியரிங்கைத் தொட்டாலோ, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாலோ, எந்த ரூபத்துல வண்டியை நிறுத்தினாலும் சரி, அங்கேயே சாவியை உங்க கையில குடுத்துடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் நான் ஸ்டியரிங் பக்கம் வர மாட்டேன்."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றார் மாஸ்டர். கால் மேசைக்கடியில் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

விமான நிலையத்தில் குட்டு உடைந்தது. மாஸ்டரின் கைப்பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்தினார். பையைத் திறந்தார். உள்பனியன்களுக்கு நடுவில், துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த இரும்புச் சாமான் ஒன்றை வெளியே எடுத்தார். ரப்பர் வைத்த மிதி, அதோடு ஒரு நீளமான கம்பி. பயிற்சிக் காரிலிருந்து கழற்றியது.

"என்ன சார் இது?"

"பிரேக்."

"எதுக்கு?"

"நிறுத்தறதுக்கு."

அதிகாரி மிதியைத் தூக்கிப் பிடித்தார். "எத? விமானத்தையா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர், போகிற இடத்தில் எடுக்கப்போகும் காரில் இரண்டாவது பிரேக் இருக்காது என்றும், இந்தக் கம்பியை ஓட்டுநரின் பிரேக்கோடு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் பொறுமையாக விளக்கினார். தொழில்முறை விளக்கம். அதைக் கேட்டுக்கொண்டு மனைவி பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்தது.

"கம்பியெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது சார்" என்று அதிகாரி கம்பியைக் கழற்றிக் கூடையில் போட்டார். மிதியைப் புரட்டிப் பார்த்தார். இதை வைத்து யாரையும் எதுவும் செய்துவிட முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இத வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

மனைவி மிதியைக் கையில் வாங்கினாள். கோபப்படுவாள் என்று மாஸ்டர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ அதை இரண்டு மூன்று முறை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, மருத்துவமனைக் குரலில், "எதோடயும் மாட்டக் கூடாது. காலடியில வெச்சு அமுக்கிட்டு மட்டும் வாங்க" என்றாள்.

அந்தத் தீவில் இறங்கியதும் வாடகைக் கார்க் கடைக்காரர், பூப்போட்ட சட்டைக்காரர், சாவியை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் காரைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். பானெட்டைத் திறந்து மூடினார். விளக்குகளைப் போட்டுக்காட்டச் சொன்னார். பூச்சட்டைக்காரர் மரியாதையோடு கூடவே வந்தார். எல்லாம் முடிந்து, பெரிய நிபுணரின் முகத்தோடு மாஸ்டர் கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தார். ஸ்டியரிங் இல்லாத பக்கம்.

"சார், அந்தப் பக்கம்..." என்றார் பூச்சட்டைக்காரர்.

"தெரியும்" என்று மாஸ்டர் சாவியை மனைவியிடம் நீட்டிவிட்டு, பையிலிருந்து மிதியை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார். மனைவி ஏறி உட்கார்ந்து, தன் கைப்பையின் வாரை, அவர் கை போகாதபடி, ஹேண்ட்பிரேக்கின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினாள். பூச்சட்டைக்காரர் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

கடலோரச் சாலை. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் தண்ணீர். ஊரெல்லாம் காசு செலவழித்து வந்து பார்க்கிற காட்சி. மாஸ்டர் அதில் எதையும் பார்க்கவில்லை. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு டொக், டொக் என்று மிதியை அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் அமுக்கும் நேரத்துக்கும் கார் வேகம் குறையும் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அமுக்கினால்தான் மூச்சு வந்தது.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அவள் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. "இண்டிகேட்டர்" என்று சொல்ல வாயைத் திறந்தால், அது ஏற்கெனவே மின்னிக்கொண்டிருக்கும். "கண்ணாடிய..." என்று ஆரம்பித்தால், அவள் பார்த்து முடித்திருப்பாள். இத்தனைக்கும் எதிர்த்தெரு! கடைசியில் "ஹாரன் சத்தம் சரியில்ல" என்றார். அது பூச்சட்டைக்காரரின் பொறுப்பு என்றாள் மனைவி.

மதியத்துக்கு முன்னால் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மிதியைக் காரிலேயே விட்டுவரச் சொல்லிவிட்டாள் மனைவி. வாட்டர் ஸ்கூட்டரில் அவள் முன்னால், மாஸ்டர் பின்னால்.

விசில்காரர் விளக்கினார். "இது ஆக்சிலேட்டர். இந்தக் கயிறு ஓட்டறவங்க மணிக்கட்டுல. கீழ விழுந்தா கயிறு பிடுங்கிக்கிட்டு எஞ்சின் நின்னுடும். முக்கியமான விஷயம் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க..."

மாஸ்டர் கேட்டுக்கொள்ளவில்லை. குனிந்து இருக்கைக்கு அடியில், பக்கவாட்டில், பின்னால் என்று எங்கெங்கோ தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"பிரேக் எங்க இருக்கு?"

"இதுல பிரேக் கிடையாது சார்."

மாஸ்டருக்கு உலகமே ஒரு பக்கம் சாய்ந்தது. பிரேக் இல்லாமல் ஒரு வண்டியைத் தயாரித்து, அதை விற்று, அதை வாங்கி, அதில் மனிதர்களை ஏற்றி, அதற்கு ஒருவர் விசில் வேறு ஊதுகிறார்! இறங்கிவிடலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கரை பின்னால் போய்விட்டது.

நிஜத்தைச் சொல்ல வேண்டும், முதல் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நாளாகிவிட்டது. மாஸ்டரின் கால் மட்டும் அமுக்க ஒன்றும் கிடைக்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குறுக்கே அந்த வாழைப்பழப் படகு வந்தது. மஞ்சள் நிறத்தில் காற்றடைத்த நீளமான மிதவை. அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டு ஒரு குடும்பம், முன்னால் அதை இழுத்துக்கொண்டு ஒரு விசைப்படகு. மனைவி பார்த்துவிட்டாள். நிதானமாகக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். மாஸ்டரின் கால் தேடியது. கிடைக்கவில்லை. கை தேடியது. அவள் மணிக்கட்டுக் கயிறு கிடைத்தது. பிடித்து இழுத்தார்.

எஞ்சின் நின்றது. திரும்பிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் திரும்புவதை மறந்துவிட்டு, மூக்கு பார்த்த திசையில் ஆடாமல் அசையாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மனைவி கைப்பிடியை ஒடித்துத் திருப்பியும் பயனில்லை. விசைப்படகுக்காரர் அலறிக்கொண்டு படகை ஒடித்துத் திருப்பினார். பின்னால் வந்த வாழைப்பழம் வாலைச் சுழற்றியது. குடும்பம் மொத்தமும் காற்றில் எழும்பித் தண்ணீரில் விழுந்தது. அந்த அலை வந்து இவர்களையும் புரட்டிப் போட்டது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீருக்கு மேலே தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. வாழைப்பழக் குடும்பத்துப் பெரியப்பா போலிருந்த ஒருவர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம் சார்! இன்னொரு தடவ பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

விசில்காரர் மட்டும் நீந்தி வந்து திட்டினார். "ஏன் சார் நிறுத்தினீங்க? அதத்தானே அவ்வளவு தூரம் சொன்னேன்! எஞ்சின் ஓடினாத்தான் இது திரும்பும். நிறுத்தினா திரும்பாது. அந்தம்மா அழகா திருப்பிட்டு இருந்தாங்களே!"

மாஸ்டர் வாய்க்குள் போன கடல்நீரைத் துப்பினார். நிறுத்தினால் மோதும் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. தொழில் தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் அதற்கு நேரெதிராகச் சொல்லிக்கொடுத்துவந்தவர் அவர்தான்.

மனைவி நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். "கார் சாவி கார்லயே இருக்கு" என்றாள், மெதுவாக. "நீங்களே ஓட்டுங்க."

"இது ஹேண்ட்பிரேக் இல்லையேம்மா. கயிறுதானே?"

"எந்த ரூபத்துல நிறுத்தினாலும்னு சொன்னேன்."

காருக்குப் போனதும் அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஹேண்ட்பிரேக்கிலிருந்து கைப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். காலில் தட்டுப்பட்ட மிதியை எடுத்து முன்பக்கத் தட்டின் மேல் வைத்தாள். அவ்வளவையும் சத்தமில்லாமல் செய்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியை மறுபடியும் சரி செய்தார். இருக்கையை முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். இதற்கு மேல் சரி செய்ய எதுவும் மிச்சமில்லை என்றான பிறகு சாவியைத் திருகினார். கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி திருகினார். மறுபடி குதித்தது. பரீட்சையில் மூன்றாவது தடவை தவறியவரிடம் அவர் என்ன சொல்வார் என்பது அவருக்கே நினைவு வந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று தள்ளினார்.

ஒருவழியாகச் சாலைக்கு வந்தார்கள். கார் ஊர்ந்தது. இரண்டு சைக்கிள்கள் முந்திப்போயின. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி, காரோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பொறுமை இழந்து முந்திக்கொண்டு போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். மனைவி ஏதாவது சொன்னால் பதிலுக்குக் கத்தலாம், கத்தினால் பயம் கொஞ்சம் குறையும் என்று மாஸ்டர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு நாய் நடுரோட்டில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பிரேக்கை அமுக்கினார். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. நாய் சொறிந்து முடித்து, எழுந்து, சோம்பல் முறித்துப் போய்விட்டது. கார் போகவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதன் பின்னால் இன்னொன்று. பிரேக்கின் மேல் இருந்த கால் வரமாட்டேன் என்றது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியலம்மா. எத்தனையோ வருஷமா ஓட்டல. நிறுத்த மட்டும்தான் தெரியும். நீ ஓட்டறேன்னு சொன்னப்ப அப்பாடான்னு இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரே ஒரு தடவ கண் அசந்தேன், கடைக்குள்ள போயிடுச்சு. அதுலேருந்து கண்ண மூடினா அந்தத் தலையில்லாத தடியன்தான் வந்து முறைக்கறான்."

பின்னால் லாரிக்காரர் ஹாரனை விட்டுவிட்டு வாயாலேயே ஏதோ சொல்லத் தொடங்கினார். மனைவி அதைச் சட்டை செய்யவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அவர் விரல்களை, நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளியின் விரல்களைப் போல, ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"வாயத் திறந்துட்டீங்க இல்ல. இனிமே வலிக்காது" என்றாள்.

"உன்னோட முனை என்னால கெட்டுப்போச்சு" என்றார் மாஸ்டர். "நீ ஓட்டும்மா. சாவியை நீயா எடுத்துக்க வேண்டாம், நான் தர்றேன். எதிர்த்தெருவுல கத்துக்கிட்டா என்ன, நீ ஓட்டு."

இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். லாரிக்காரர் கை தட்டினார். மாஸ்டர் தட்டின் மேலிருந்த மிதியை எடுத்தார். காலடியில் வைக்கப்போனவர், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்இருக்கையில் போட்டார். மனைவி கைப்பையையும் பின்னால் போட்டாள். ஹேண்ட்பிரேக் இருவருக்கும் நடுவில் திறந்தே கிடந்தது.

மலைச்சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. முதல் வளைவில் மாஸ்டரின் கால் வெறும் தரையை அமுக்கியது. இரண்டாவதிலும் அமுக்கியது. மூன்றாவது வளைவில், இப்போது கியரை இறக்க வேண்டும் என்று அவர் நினைத்த அதே நொடியில் அவள் கை கியரை இறக்கியது. அடுத்த வளைவில் அவர் நினைப்பதற்கு முன்பே இறக்கிவிட்டது. உடம்பெல்லாம் உப்பு, நீந்திய அலுப்பு, ஜன்னலில் காற்று. அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் அவர் சாட்சி இல்லை.

விழித்தபோது கார் நின்றிருந்தது. அவர் முதலில் பானெட்டைப் பார்த்தார். பொம்மை எதுவும் இல்லை. அதற்கு அப்பால் தரை முடிந்துபோய், இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். வெயில் சாய்ந்திருந்தது. சட்டைக் காலரில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. செருப்பு கழன்று கிடக்க, வலது கால் எப்போதோ இருக்கையின் மேல் ஏறி மடங்கியிருந்தது.

மனைவி வெளியே, காருக்குக் கொஞ்ச தூரத்தில், போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"கத்தாதடி. உங்கப்பா தூங்கறாரு... கார்லதான்... நின்னப்புறம் இல்ல, ஓடும்போதே! பாதி மலையில தூங்கிட்டாரு. குறட்டை வேற... நான் எதுக்கு அழறேன்? காத்து அடிக்குதுடி."

மாஸ்டர் கீழே இறங்கினார். நிற்கும் இடம் சரிவு என்பது இறங்கியதுமே தொழில்காரக் காலுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று உள்ளே எட்டிப் பார்த்தார். கியர் போட்டிருந்தாள். ஹேண்ட்பிரேக் இழுக்கப்படவில்லை.

"ஏம்மா!" என்று கத்தினார். "சரிவுல ஹேண்ட்பிரேக் போடாம யாராவது நிறுத்துவாங்களா? இதத்தான் சொல்லிக்கொடுத்தானா எதிர்த்தெருக்காரன்?"

"போட்டா கர்ர்ருனு சத்தம் வரும். நீங்க முழிச்சிடுவீங்க" என்றாள் மனைவி. "அதான் அத வெச்சேன்."

அவள் காட்டிய பக்கம் மாஸ்டர் குனிந்து பார்த்தார். முன்சக்கரத்துக்குக் கீழே, ரப்பர் பக்கம் டயரில் பதிய, முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள் அவருடைய மிதியை.

மாஸ்டர் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். மிதியைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பரவாயில்ல" என்று தொடங்கி, அது போதாது என்று பட்டு, நிறுத்திக்கொண்டார்.

"நல்லா நிறுத்தியிருக்கே" என்றார்.